கச்சபேச முதலியாரின் கடைசி இழை

கச்சபேச முதலியார் நினைவு இல்லத்தில் எதைத் தொட்டாலும் வேலை போய்விடும் என்பது துர்காதேவிக்குச் சேர்ந்த அன்றே தெரியும். அவளுக்கு முன்னால் அங்கே வழிகாட்டியாக இருந்த பூவம்மாள் மொத்தம் ஒரு நாள்தான் தாக்குப்பிடித்தாள். சித்திரை வெயில், விக்கல், எதிரே ஒரு பித்தளைச் சொம்பு. எடுத்தாள், குழாயில் பிடித்தாள், அண்ணாந்து குடித்தாள். அது முதலியார் அவர்கள் தம் இறுதி நாள்வரை நீர் அருந்திய சொம்பு. சாயந்தரமே பூவம்மாளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தச் சொம்பு போன தை மாதம் பாத்திரக் கடையில் வாங்கியது, அடியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டின் பசைகூட இன்னும் முழுசாகப் போகவில்லை என்பதெல்லாம் வேறு விஷயம்.

இல்லத்தின் நிறுவனர், தலைவர், காப்பாளர், சொம்பு வாங்கியவர் எல்லாம் ஒருவரே. உதயகுமார். ஊரில் மூன்று பட்டுக் கடை. கச்சபேச முதலியாரின் கொள்ளுப்பேரன். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு தடவைகூடத் தறிக்குழியில் கால் வைத்ததில்லை என்றாலும் மேடையில் ஏறினால் 'நெசவாளி மகன் நான்' என்றுதான் ஆரம்பிப்பார்.

பிள்ளையார்பாளையத்தில் பூட்டிக் கிடந்த பூர்வீக வீட்டை அவர் செப்பனிட்டு, வாசலில் 'ஒரு நகரத்தின் கதை' என்று எழுதி வைத்தார். ஆறு அறை. முதல் அறையில் பல்லவர்கள். கூரத்துச் செப்பேட்டின் படம், கோயில் கோபுரத்தின் படம், ஒரு யானை. அதற்குப் பிறகு ஆயிரத்துச் சொச்சம் வருஷம் காஞ்சிபுரத்தில் குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை போலிருக்கிறது. இரண்டாவது அறையில் நேராகக் கச்சபேச முதலியார் பிறந்துவிடுகிறார். அங்கிருந்து வம்சக்கொடி கிளம்பி, மூன்று நான்கு அறைகளில் படர்ந்து, ஐந்தாவது அறையில் உதயகுமார் சால்வை போர்த்திக்கொண்டு நிற்கும் நாற்பத்தொரு புகைப்படங்களாகப் பூக்கிறது. வெளியூர்க்காரர்கள் அந்த அறையில் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

அவர்களைப் பிடித்து நிறுத்தி ஆறாவது அறைக்குக் கூட்டிப் போவதுதான் துர்காதேவியின் வேலை. ஏனென்றால் ஆறாவது அறையில்தான் தறி.

காலைக் குழிக்குள் விட்டு உட்கார்ந்து நெய்யும் குழித்தறி. அதில் அரக்கு உடலும் பச்சைப் பேட்டுமாக, அதாவது பச்சைக் கரையுமாக, பாதியில் நிற்கும் ஒரு புடவை. மேலே உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கும் பித்தளை அம்பு ஒன்று, நெய்த துணி முடிந்து நெடுக்கில் ஓடும் வெறும் பாவு இழைகள் தொடங்கும் இடத்தைச் சுட்டிக்கொண்டிருக்கும். பக்கத்துச் சுவரில் கருங்கல்லில் வெட்டிய வாசகம்:

'முதலியார் அவர்கள் ஓட்டிய இறுதி இழை இதுவே. அன்று நின்ற தறி இன்றும் நிற்கிறது. தொடாதீர்.'

கல்லைச் செதுக்குவதற்கு மாமல்லபுரத்திலிருந்து ஆள் வந்தது. தறியில் பாவை ஏற்றி, காட்சிக்காக மூன்று முழம் நெய்து கொடுக்க இன்னொரு ஆள் ஒரு எடுபிடிப் பையனோடு வந்தான். கல்காரனுக்குப் பதினைந்து நாள் அவகாசம். நெய்தவனுக்கு ஐந்து நாள். வந்தவன் அவசரக்காரன். கொடுத்த நாளில் ஏனோதானோவென்று நெய்து முடித்துவிட்டுப் போய்விட்டான்.

எண்பது வருஷத்துக்கு மேல் தறியில் நின்ற பட்டு, கை பட்டால் திருநீறு மாதிரி உதிர்ந்துவிடும் என்று ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். உதயகுமாருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. சொன்னால் கையைப் பிடித்து ஐந்தாவது அறையைச் சுற்றிக் காட்டுவாரே என்ற பயம்.

துர்காதேவிக்கு நாற்பத்தேழு வயது. அதில் இருபத்தாறு வருஷம் தறியில் போயிற்று. இடது முழங்காலை அமுக்கிப் பார்த்த டாக்டர், "இன்னும் ரெண்டு வருஷம் குழியில எறங்கினே, அப்புறம் படிக்கட்டே ஏற முடியாதும்மா" என்றார். வீட்டுத் தறியை மகனிடம் விட்டுவிட்டு, கால் நீட்டி ஸ்டூலில் உட்காரும் வேலை ஒன்று கிடைக்காதா என்று அவள் ஆறு மாதம் அலைந்தாள். கிடைத்தது இது. மேலே ஃபேன், மாதாமாதம் ஐந்தாம் தேதி சம்பளம், மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரை கதவைச் சாத்திவிட்டு ஓய்வு. இந்த வேலையை விட்டால் திரும்பக் குழிதான். அதனால் 'தொடாதீர்' என்பதை அவள் மனப்பாடமே செய்து வைத்திருந்தாள்.

மூன்று வாரம் தொடவில்லை.

நான்காவது வாரம், ஒரு பாவு இழை அறுந்தது.

பல்லியோ எலியோ, எதுவோ ஒன்று குதித்திருக்க வேண்டும். நெய்த துணிக்கு நாலு விரல் தள்ளி ஒரு இழை பட்டென்று போய், சுருண்டு தொங்கியது. பார்வையாளர் யாருக்கும் தெரியாது. உதயகுமார் முகத்தை இழைமேல் வைத்துப் பார்த்தாலும் தெரியாது. துர்காதேவிக்கு வாசலில் நின்றாலே தெரிந்தது. ஸ்டூலைத் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அப்போதும் தெரிந்தது. வீட்டுக்குப் போய் ரசம் வைத்தாள், ரசத்தில் தெரிந்தது.

மறுநாள் மத்தியானம் கதவைச் சாத்திவிட்டுப் போய் அறுந்த இழையை முடிச்சுப் போட்டாள். ஒரு இழைதானே. முடிச்சு நிற்கிறதா என்று பார்க்க வேண்டாமா? பார்க்க வேண்டுமானால் மிதிப்பலகையை ஒரு மிதி மிதிக்க வேண்டும். மிதித்த பிறகு குறுக்கே ஊடை ஓட்டாமல் விட்டால் பாவு சும்மா திறந்து மூடினது மாதிரி அசிங்கமாக இருக்கும். ஊடை நூல் அடங்கிய நாடாக் கட்டையை எடுத்து ஒரு ஓட்டு ஓட்டினாள்.

இங்கேதான் சிக்கல். அது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், பேட்டு ஒரு நிறம். இரண்டையும் இழைக்கு இழை பூட்டிக்கொண்டே போக வேண்டும். இந்தாண்டைப் பேட்டையும் உடலையும் நெய்கிறவர் பார்த்துக்கொள்வார். அந்தாண்டைப் பேட்டுக்கு நாடா போட இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டும். துர்காதேவி எட்டிப் பார்த்தாள். எட்டவில்லை. இடுப்பு 'வேணாம்' என்றது. இழை பாதியில் நின்றது.

"நான் போடட்டுமா?" என்றது பின்னால் ஒரு குரல்.

துர்காதேவிக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது. வாசலில் கையில் பூச்சரத்தோடு நின்றது வடிவாம்பாள். உதயகுமாரின் மனைவி. வெள்ளிக்கிழமைதோறும் மத்தியானம் கொல்லைக் கதவு வழியாக வந்து முதலியார் படத்துக்குப் பூப்போடுவது அவள் வழக்கம்.

"அக்கா, சாமி சத்தியமா... இழை அறுந்துக்கினு தொங்கிச்சி... சார் கிட்ட சொல்லிடாதீங்க, இந்த வேலைய விட்டா..."

"தள்ளி உக்காருடி" என்றாள் வடிவாம்பாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பலகையில் ஏறி, அந்தாண்டை நாடாவைக் கையில் எடுத்தாள். முப்பது வருஷமாகக் கடையில் கல்லா பக்கத்தில் உட்கார்ந்து 'வாங்க வாங்க' சொல்லிக்கொண்டிருந்த கை. எடுத்த எடுப்பில் போட்டது, சரியாக உள்ளே போய் உட்கார்ந்தது.

"கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பாவுக்குப் பதினோரு வருஷம் நாடா போட்டேன். இவுரு வீட்டுக்கு வந்ததுக்கப்புறம், 'முதலாளி சம்சாரம் தறியில உக்காந்தா ஊரு சிரிக்கும்'னாரு. சரி, இன்னொண்ணு போடு. ஒத்தையா வுட்டா நல்லாயிருக்காது."

இன்னொன்று போட்டார்கள். பிறகு, ஒரு விரல்கடை வந்தால் பார்க்க லட்சணமாக இருக்கும் என்று நினைத்தார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வந்த பக்தி செவ்வாய்க்கும் பரவியது. ஆனி பிறந்தபோது வடிவாம்பாள் வாரத்துக்கு ஐந்து நாள் முதலியாருக்குப் பூப்போட்டுக்கொண்டிருந்தாள். "பெரியவங்க மேல இவளுக்கு இருக்கற மரியாதை எனக்கே இல்லபா" என்று உதயகுமார் கடையில் சொல்லிப் பெருமைப்பட்டார். ஊடைக்கு வேண்டிய பட்டும் ஜரிகையும் பூக்கூடைக்கு அடியில் அவர் கடையிலிருந்தே வந்தது.

"அக்கா, உங்க மாமனாரோட தாத்தா, நெசமாவே பெரிய நெசவுக்காரரா?" என்று ஒருநாள் துர்காதேவி கேட்டாள்.

"எங்க மாமியார் சொல்லுவாங்க. அவரு பாவு ஏத்தினது கம்மி, சீட்டு கலைச்சது ஜாஸ்தின்னு." வடிவாம்பாள் நாடாவைப் போட்டாள். "இறுதி இழையாம் இறுதி இழை. முதல் இழையே ஓட்டினாரோ என்னமோ."

பித்தளை அம்பு மட்டும் ஒரு நாளும் பொய் சொல்லவில்லை. நெய்யநெய்யத் துணியைச் சுருட்டி இழுத்து, அம்புக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்திவிடுவாள் துர்காதேவி. மூன்று மணிக்குக் கதவைத் திறந்தால் அம்பு கடைசி இழையைத்தான் சுட்டிக்கொண்டிருக்கும். கடைசி இழை எது என்பதுதான் தினம் மாறிக்கொண்டிருந்தது. நெய்த துணி சுற்றும் படமரம் மெல்ல மெல்லப் பருத்தது. முழங்கால் வலித்தது. ஆனால் வலியை யாரும் கட்டாயப்படுத்தி வாங்கித் தரவில்லை என்பதால் அவ்வளவாக வலிக்கவில்லை.

ஆவணியில் உதயகுமார் ஒரு விருதுக்கு விண்ணப்பித்தார். பாரம்பரிய நகர விருது. தேர்வுக் குழு சார்பாக ஒருத்தர் வந்து பார்ப்பார். வந்தது சம்யுக்தா, திருப்பருத்திக்குன்றத்து ஜைனக் குடும்பத்துப் பெண், துணிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். வாசலில் தோரணம், நாயனம், தெருவில் இருக்கிற நெசவாளர்களுக்கு எல்லாம் டிஃபன். அடுத்த வீட்டு நெசவாளி குமரன் கேசரி வாசனைக்கே முன்வரிசையில் வந்து நின்றான்.

உதயகுமார் மைக்கைப் பிடித்தார். "நெசவாளி மகன் நான்..."

"சார், மன்னிச்சிடுங்க" என்றாள் சம்யுக்தா. "நான் பொழுது சாயறதுக்குள்ள சாப்பிடணும். எங்க வழக்கம். இப்ப அஞ்சு மணி ஆவுது. தறிய முதல்ல பாத்துடலாமா?"

பல்லவர்களில் ஆரம்பித்து நாற்பத்தொரு புகைப்படம் வரைக்கும் தயார் செய்திருந்த முக்கால் மணி நேரப் பேச்சு அங்கேயே படுத்துவிட்டது. எல்லாரும் ஆறாவது அறைக்குப் போனார்கள். சம்யுக்தா தறியைச் சுற்றி வந்தாள். குனிந்து பார்த்தாள். பிறகு செல்போனை எடுத்து எதையோ தேடினாள்.

"இது மாசி மாசம், நீங்க திறந்த புதுசுல நான் சும்மா வந்தப்ப எடுத்தது. அப்ப இந்த மரத்துல ரெண்டு மூணு சுத்துதான் இருந்திச்சு. இப்ப தலகாணி மாதிரி இருக்குதே சார்?"

உதயகுமார் பார்த்தார். போனைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். துர்காதேவி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பூவம்மாள் நினைவுக்கு வந்தாள். பின்னாலேயே வீட்டுக் குழி.

ஆனால் உதயகுமார் மேடை கண்ட மனிதர். மூன்று விநாடி கண்ணை மூடினார். திறந்தபோது கண்ணில் நீர் இருந்தது.

"இத நான் வெளியே சொல்றதா வேணாமான்னு இருந்தேன்மா" என்றார். "நெறைய பேரு நம்ப மாட்டாங்க. கொள்ளுத்தாத்தா நெய்யறாரு."

நாயனக்காரர் வாயிலிருந்து நாயனத்தை எடுத்தார்.

"விட்டுட்டுப் போன புடவைய முடிக்க ஆத்மா வருது. நம்ம துர்கா இங்கயே இருக்கறவ. கேளுங்க அவளை. யாருமே இல்லாதப்ப தறிச் சத்தம் கேட்டியா இல்லியாம்மா?"

"கேட்டுது சார்" என்றாள் துர்காதேவி. அது சத்தியமான வார்த்தை. மிதித்தவளுக்குக் கேட்காமலா இருக்கும்?

உதயகுமார் கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினார். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். துர்காதேவிக்கு மூச்சு வந்தது. வேலை தப்பித்தது. பழியை ஏற்றுக்கொண்ட முதலியார் படத்தில் அமைதியாக இருந்தார்.

"சார், ஒரு டவுட்டு" என்றான் குமரன். "இது கோர்வையாச்சே. பெரியவரு இந்தாண்டை உக்காந்து நெய்தாரு, சரி. அந்தாண்டைப் பேட்டுக்கு நாடா போட்டது யாரு?"

நெசவாளர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் 'அதானே' என்றார்கள். ஆவி வருவதில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை. ஒற்றை ஆளாக வந்து கோர்வை போட்டதைத்தான் ஏற்க முடியவில்லை.

"அவரு தம்பி" என்றார் உதயகுமார்.

"அவருக்குத் தம்பியே இல்லியேங்க" என்றாள் கதவோரம் நின்ற வடிவாம்பாள். "ரெண்டாவது ரூம்ல வம்சக்கொடி போட்டீங்களே. ஒரே பிள்ளைன்னு எழுதி, பக்கத்துல சூரியன்கூட வரைஞ்சீங்களே."

"அப்ப... அவரு தர்மபத்தினி! ஆமாம்! புருஷன் நெய்ய, பெண்சாதி நாடா போட. அதானே நம்ம பண்பாடு."

"முதலாளி சம்சாரம் தறியில உக்காந்தா ஊரு சிரிக்காதா?" என்று வடிவாம்பாள் கேட்டாள். அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சம்யுக்தாவின் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. "துணிய முழுசா பாக்கலாமா?" என்றாள். குமரன் மரத்தைத் தளர்த்தி விட, புடவையைச் சுற்றுச் சுற்றாக விரித்தார்கள். கடைசிச் சுற்று, முதன்முதலில் நெய்த பாகம், வந்தது. அவள் விரல் ஓரிடத்தில் நின்றது.

"இங்க ஊடை விட்டிருக்குது. பேட்டும் உடலும் சேர்ற எடத்துல பல்லு பல்லா தெரியுது பாருங்க. இதோ, இங்கயும்."

எல்லாரும் குனிந்தார்கள். பேச்சு மறுபடி கிடைத்த சந்தோஷத்தில் உதயகுமார் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

"எண்பது வருஷம் கழிச்சு வந்து உக்காரறாரும்மா, கை தடுமாறாதா? எங்க பாத்தாலும் அப்பிடித்தான் இருக்கும். ஆத்மா நெசவு இல்லியா, கொஞ்சம் கொளகொளன்னுதான் இருக்கும். நீங்க அத மன்னிச்சி..."

"கொளகொளவா?"

துர்காதேவியின் குரல் அது. அவளுக்கே அப்புறம்தான் தெரிந்தது. சும்மா இரு, சும்மா இரு, ஐந்தாம் தேதிக்கு இன்னும் நாலு நாள், என்று உள்ளே ஒருத்தி கையைப் பிடித்து இழுத்தாள். அவளை இடுப்பில் இடித்துத் தள்ளிவிட்டு இன்னொருத்தி முன்னால் வந்தாள். அவள் இருபத்தாறு வருஷத்தில் நெய்த ஒரு புடவைகூடக் கழிவென்று திரும்பி வந்ததில்லை.

"அந்த ஊடை விட்டதெல்லாம் மொதல் மூணு முழத்துல. சார் கூலிக்கு ஆள் வெச்சு அஞ்சு நாள்ல நெய்ய வெச்சது. அவன் வேலை அது. தோ, இங்கேருந்துதான் என்னோடது." விரித்த துணியில் ஒரு கோட்டைக் காட்டினாள். "இதுலேருந்து அந்தக் கடைசி வரைக்கும் ஒரு எழை, ஒரே ஒரு எழை தப்பா இருந்தா காட்டுங்க. நான் இப்பவே செருப்பு மாட்டிக்கினு போயிடறேன். கொளகொளவாம்!"

சம்யுக்தா கோட்டுக்கு அந்தப் பக்கம் தடவிப் பார்த்தாள். குமரன் தடவினான். தெரு முழுக்க வரிசையில் நின்று தடவியது. யாரும் எதுவும் காட்டவில்லை.

"ஓட்டினது அவ" என்றாள் வடிவாம்பாள், முன்னால் வந்து. "அந்தாண்டை நாடா நான் போட்டேன். குமரா, ஒன் டவுட்டு தீந்துதா?"

"தீந்துதுக்கா" என்றான் குமரன். "நான் கேசரி வாங்கிக்கவா?"

உதயகுமார் காது வரை சிவந்திருந்தார். "துர்கா, நாளையிலேருந்து நீ வர வேணாம்."

"அப்ப நானும் வரல" என்றாள் வடிவாம்பாள், சாவகாசமாக. "கடைக்கும் வரல. முகூர்த்த சீசன். கல்லாவுல நீங்களே உக்காந்துக்கங்க. காலையில காபியும் நீங்களே போட்டுக்கங்க. பால் எங்க இருக்குதுன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

அவருக்குத் தெரியாது. அது அவர் முகத்திலேயே தெரிந்தது.

சம்யுக்தா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "பொழுது இருக்கறப்பவே சாப்பிட்டுடறேனே" என்றாள். பிறகு நோட்டைத் திறந்து, "உங்க ரெண்டு பேர் பேரும் சொல்லுங்கம்மா. முழுப் பேரு" என்றாள்.

ஐப்பசியில் விருது வந்தது. உதயகுமார் கேட்ட பிரிவில் அல்ல. 'இயங்கும் அருங்காட்சியகம்' என்று குழு புதிதாக ஒரு பிரிவைத் திறந்து அதில் கொடுத்தது. அருங்காட்சியகம் இயங்க வேண்டும் என்பது என் முப்பதாண்டுக் கனவு என்று அவர் மேடையில் பேசினார். நினைவுப் பரிசு வாங்கும் புகைப்படம் ஐந்தாவது அறையில் நாற்பத்திரண்டாவதாக ஏறியது. அந்தப் படத்தில் அவருக்குப் பக்கத்தில் வடிவாம்பாள் நிற்கிறாள். அரக்கு உடலும் பச்சைப் பேட்டுமாக அவள் கட்டியிருப்பது கச்சபேச முதலியார் பாதியில் விட்டுப்போன புடவை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்று அவர் மூன்று நாள் கெஞ்சிப் பார்த்தார். "மொதல் மூணு முழத்த மட்டும் அறுத்துத் தரேன், வெச்சிக்கங்க" என்றுவிட்டாள். ஊடை விட்ட அந்த மூன்று முழம் இப்போது பெட்டிக்குள் விளக்கு வெளிச்சத்தில் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் பயபக்தியோடு பார்க்கிறார்கள்.

தறியில் புதுப் பாவு ஏறியிருக்கிறது. துர்காதேவிக்குப் பாதிப் பொழுது குழி, பாதிப் பொழுது ஸ்டூல் என்று ஏற்பாடு. குழிப் பொழுதுக்கு வடிவாம்பாள் பூக்கூடை இல்லாமலே முன்வாசல் வழியாக வருகிறாள். வேலையாகச் செய்யச் சொன்ன நாளிலிருந்து முழங்கால் சரியாக ஞாபகம் வைத்துக்கொண்டு வலிக்கிறது. மாறாதது அந்தக் கருங்கல் மட்டும்தான். கழற்றினால் சுவரே இடிந்துவிடும் என்று கொத்தனார் சொல்லிவிட்டதால், 'முதலியார் அவர்கள் ஓட்டிய இறுதி இழை இதுவே' என்று அது அங்கேயே நிற்கிறது. அம்பும் தொங்குகிறது.

போன வாரம் தென்னேரியிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டி வந்த டீச்சர் ஒருத்தி கல்லைப் படித்துவிட்டு, அம்பு காட்டிய இடத்தைக் கண்கலங்கப் பார்த்தாள்.

"இதுதான் அந்தக் கடைசி இழையாம்மா?"

"இதேதான்" என்றாள் துர்காதேவி, மிதியில் காலை வைத்துக்கொண்டு. "சீக்கிரம் ஃபோட்டோ எடுத்துக்கமா. மாத்தப் போறேன்."